அண்ணி குடித்த சீமைச்சாமந்தி

அவளுக்குத் தைலம் என்று பெயர் வைத்ததே நாத்தனார்தான். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் நாத்தனார் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு அடுப்பில் சமையல், பக்கத்து அடுப்பில் எண்ணெய்க்குள் மிதக்கும் காய்ந்த பூக்கள். தம்பி பெண்ணைக் கட்டினானா தைல டப்பாவைக் கட்டினானா என்று அங்கிருந்தே சத்தமாகக் கேட்டுவிட்டார். வீடே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னால் சொந்தமாகக் கடை திறந்தபோது பலகையிலும் அதையே எழுதிவிட்டாள். நாத்தனார் வைத்த பெயருக்குத் தொழிலில் நல்ல ராசி இருந்தது.

கடை மாடியில். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை. குறுகலான படி ஏறி வந்தால் சாய்வு நாற்காலி ஒன்று, தலை கழுவும் தொட்டி, ஓரமாக ஒரு சின்ன அடுப்பு, சுவரெல்லாம் ஜாடிகள். ரோஜா இதழ், வேம்பு, கற்றாழை என்று எல்லாமும் இருந்தாலும், ஆட்கள் தேடி வந்தது கெமோமைலுக்கு. அவள் அதைச் சீமைச்சாமந்தி என்றுதான் சொல்வாள். சட்டைப் பொத்தான் அளவு பூ, நடுவில் மஞ்சள் மேடு, சுற்றிலும் வெள்ளை இதழ், ஆப்பிள் நறுக்கியது போல ஒரு வாசனை. வெயிலில் சிவந்த தோலுக்கு அதை எண்ணெயில் ஊறவைத்துத் தேன்மெழுகு சேர்த்துக் களிம்பாக்குவாள். அரிக்கும் தலைக்கு அதன் கஷாயத்தை ஆறவைத்துக் கடைசித் தண்ணீராக ஊற்றுவாள், ஊற்றியதை அலச விடமாட்டாள். கறுப்பு முடி பொன்னாகுமா என்று கேட்டு வருகிறவர்களிடம், ஆகாது, ஆனால் வெயிலில் நின்றால் பளபளப்பு தெரியும் என்று உள்ளதைச் சொல்லிவிடுவாள். சோர்ந்த கண்ணுக்கு அந்தத் தண்ணீரில் நனைத்த பஞ்சு. இரசாயனம் ஒரு சொட்டு இல்லை, அதனால் கெடுதலும் இல்லை என்பது அவள் வாடிக்கையாகச் சொல்லும், சுவரிலும் எழுதி வைத்திருந்த வசனம். அதை அவள் மனதாரவும் நம்பினாள்.

நாத்தனார் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து உட்கார்ந்து, ஜன்னல் பக்கக் கன்னமும் கையும் ஒரு நிறம், மறுபக்கம் ஒரு நிறம் ஆகிவிட்டது. பாதி என் அம்மா, பாதி என் அப்பா என்று அவரே கேலி செய்துகொள்வார். தைலம் அந்தக் கன்னத்துக்காகவே பார்த்துப் பார்த்து ஒரு ஜாடி களிம்பு செய்து கொடுத்தாள். அதில்தான் வம்பு வந்தது. சில வாரம் கழித்து ஒரு பெண் அதே ஜாடியைக் காலியாகக் கொண்டுவந்து, எங்க டிரைவிங் டீச்சர் குடுத்தாங்க, அருமையா இருக்கு, நிரப்பித் தர முடியுமா என்று கேட்டாள். தைலத்துக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. உடனே போன் போட்டுவிட்டாள். எனக்கு வேண்டாம்னா குப்பையிலயா போட முடியும், யாருக்காவது உதவட்டும்னு குடுத்தேன் என்றார் நாத்தனார். குப்பை என்ற ஒரு சொல் போதாதா? இருவருக்கும் பேச்சு அற்றுப்போனது. தைலம் அவரிடம் கற்றுக்கொண்டிருந்த வண்டிப் பாடமும் கிளச்சு, கியர், வளைவு என்ற அளவோடு அரைகுறையாக நின்றது.

இதில் மாட்டிக்கொண்டு முழித்தது அவள் கணவன்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவனுக்கு. மேலேயும் கீழேயும் போய் வருவதே என் தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டு, அக்காவிடம் மனைவியைப் பற்றியும் மனைவியிடம் அக்காவைப் பற்றியும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு நாள் நாத்தனாரே போன் செய்தார். நாளைக்கு உன் கடைக்கு வரேன், எல்லாருக்கும் பண்ற அந்தப் பூ வைத்தியத்தை எனக்கும் பண்ணு என்றார். சமாதானத்துக்கு அவர் இறங்கி வரும் படிக்கட்டு அது என்பது தைலத்துக்குப் புரிந்தது. அன்று மாலை கடையைத் துடைத்துத் துடைத்தே கை வலித்தது.

புதிதாக வருகிற யாருக்கும் அவள் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவி, வீட்டுக்கு அனுப்பி, மறுநாள் வரச்சொல்வாள். நாத்தனாருக்கு அதைச் செய்யவில்லை. இவ்வளவு நாள் கழித்து வருகிறவரிடம் ஒரு சொட்டைத் தடவி, போய்ட்டு நாளைக்கு வாங்க என்று எப்படிச் சொல்வது? சமாதானமாக வந்தவரைத் திருப்பி அனுப்பியது போல ஆகிவிடாதா? அதனால் வாயால் மட்டும் கேட்டாள். அதுவும் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பூ, மகரந்தம் எதாவது உங்களுக்கு ஒத்துக்காம போனதுண்டா அண்ணி?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ ஆரம்பி."

முதலில் கண்ணாடிக் கோப்பையில் சூடாகச் சீமைச்சாமந்தித் தேநீர் கொடுத்தாள். வருகிற எல்லோருக்கும் கொடுப்பதுதான். நாத்தனார் ஒரு நொடி கோப்பையைப் பார்த்தார், பிறகு மடமடவென்று குடித்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்றார். தலையைக் கழுவி, வெதுவெதுப்பான கஷாயத்தைக் கோரிக் கோரி ஊற்றினாள் தைலம். ஈரத் தலையைத் துண்டால் கட்டி, நாற்காலியில் சாய்த்து, கண் மேல் பஞ்சு வைத்தாள். அதற்குள் பேச்சு கலகலப்பாகிவிட்டது. பிரேக்குக்குப் பதில் ஹாரனை அழுத்தி அழுத்தியே ஒரு சுவரை இடித்த மாணவனைப் பற்றி நாத்தனார் சொல்ல, தைலம் விழுந்து விழுந்து சிரித்தாள். வீணாக ஒரு வருஷத்தைத் தொலைத்தோமே என்று அவளுக்குத் தோன்றியது.

ஆவி பிடிக்கும் பாத்திரத்தை எடுத்து வர அவள் திரும்பினாள். பின்னால் நாத்தனார் இருமினார். தொண்டையில் என்னவோ மாதிரி இருக்கிறது என்றார். தண்ணீர் தரவா என்று தைலம் கேட்டாள். பதில் வந்தது, ஆனால் குரல் அவருடையதாக இல்லை. யாரோ கனத்த கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. தைலம் போய்க் கண்ணிலிருந்து பஞ்சை எடுத்தாள்.

எடுத்தவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டாள். பஞ்சுக்கு அடியில் கண்களே இல்லை. இமை இரண்டும் வீங்கி, கோடு மாதிரி ஒட்டிக் கிடந்தன. உதடு தடித்துத் தொங்கியது. கழுத்திலிருந்து மார்பு வரை சிவப்புத் தடிப்புகள் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றோடொன்று சேர்ந்து பரவின. சற்று முன் சிரித்துக்கொண்டிருந்த முகம் எங்கே போனது? தைலத்துக்கு அண்ணி, அண்ணி என்று கூப்பிடத்தான் வந்தது. நாத்தனார் நாற்காலியின் கையை இறுகப் பிடித்து, ஒவ்வொரு மூச்சையும் கயிறு கட்டி இழுப்பது போல இழுத்தார். உள்ளே விசில் மாதிரி ஒரு சத்தம்.

அந்தச் சத்தம்தான் அவளை உலுக்கியது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். வண்டி ஊரின் மறுகோடியில் இருக்கிறது, வரக் கொஞ்சம் நேரமாகும் என்றார்கள். படியில் நின்று கண்ணாடிக்கடைக்காரரைக் கூப்பிட்டாள். அவள் குரலைக் கேட்டே அவர், பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளரை விட்டுவிட்டு ஓடி வந்தார். இருவருமாக நாத்தனாரைத் தாங்கிக் கீழே இறக்கினார்கள். வாசலில் நாத்தனாரின் கார் நின்றிருந்தது, ஓட்டுநர் பயிற்சி என்ற பலகையோடு. சாவி அவர் கைப்பையில் இருந்தது.

"நீங்க ஓட்டுங்க சார்."

"எனக்கு ரெண்டு சக்கரம்தாம்மா தெரியும்."

தைலம் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். லைசென்ஸ் இல்லை, தொட்டே ஒரு வருஷம் ஆயிற்று. யோசிக்க உட்கார்ந்தால் முடியாது என்று மட்டும் தெரிந்தது. நாத்தனாரைப் பக்கத்து இருக்கையில், அவருடைய வழக்கமான இடத்தில் உட்காரவைத்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் பின்னால் ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வருகிறோம் என்று கத்திச் சொன்னார். வண்டி இரண்டு முறை உதறி அணைந்தது. மூன்றாவது முறை பாய்ந்தது.

ஆஸ்பத்திரி சில தெருக்கள் தள்ளித்தான். ஆனால் அந்தத் தெருக்கள் முடிவதாக இல்லை. ஒரு கண் சாலையில், ஒரு கண் பக்கத்தில் இருக்க, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினாள். நாற்சந்திக்கு வந்தபோது நாத்தனாரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தைலம் திரும்பி அவரைப் பார்த்தாள். பார்த்த அந்த நேரத்தில் வண்டி தானாகக் கிறீச்சிட்டு நின்றது. அவள் நெஞ்சு ஸ்டியரிங்கில் மோதியது. மூக்குக்கு முன்னால் ஒரு லாரி, ஓரத் தெருவிலிருந்து வந்து, கண்ணாடியை உரசாத குறையாகக் கடந்து போனது.

அவள் பிரேக்கைத் தொடவே இல்லை. குனிந்து பார்த்தாள். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேல் நாத்தனாரின் வெறுங்கால் அழுத்தி இருந்தது. கண் திறக்க முடியாமல், மூச்சு வாங்கிக்கொண்டு, எந்தச் சத்தத்தைக் கேட்டு அழுத்தினாரோ தெரியாது. பின்னால் கண்ணாடிக்கடைக்காரர் கடவுளே என்று முனகினார்.  நாத்தனார் காலை எடுத்துவிட்டு, போ என்பது போலக் கையை மட்டும் அசைத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் தயாராக நின்றார்கள். தொடையில் ஊசி போட்டதைத் தைலம் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள், கையில் மருந்து ஏற்றினார்கள். அந்தக் கதவுக்கு வெளியே அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. நாத்தனாரின் தலையிலிருந்து அவிழ்ந்த ஈரத்துண்டு இன்னும் அவள் தோளில் கிடந்தது. அதிலிருந்து வந்த ஆப்பிள் வாசனை, அவளுக்கு மிகவும் பிடித்த அதே வாசனை, மூக்கிலேயே நின்றது. துண்டை உருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

டாக்டரம்மா வெளியே வந்து, ஆபத்து தாண்டிவிட்டது, ஆனால் இன்று இங்கேயே இருக்கட்டும், சில சமயம் திரும்ப வரும் என்றார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். தைலம் தேநீர், கஷாயம், பஞ்சு என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சாமந்திக் குடும்பத்துப் பூ சிலருக்கு ஆகாது, அபூர்வமாக இப்படி உயிருக்கே உலை வைத்துவிடும் என்றார் டாக்டரம்மா. பூ நல்ல பூதானே டாக்டர் என்று தைலம் குழந்தை மாதிரிக் கேட்டாள். பூவில் குற்றமில்லை, இந்த உடம்புக்கு அது விரோதி, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஆண்டுக்கணக்காகக் கெடுதலே இல்லை என்று தான் சொல்லிவந்த ஒவ்வொரு முகமும் அவள் கண்முன் வந்தது. எத்தனை பேர் அந்தக் கோப்பையைக் குடித்திருப்பார்கள்!

அப்போதுதான் செய்தி தெரிந்து கணவன் வந்தான். வேலை உடுப்போடு, கையில் கிரீஸ் கறையோடு ஓடி வந்தவன் கதவு வழியாக அக்காவின் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சுவரில் கை ஊன்றி நின்றான். தைலம் அவன் பக்கத்தில் போய் நின்றாள். தன் தோளில் ஒரு கை விழும், ஒரு வார்த்தை ஆறுதல் வரும் என்று அவள் எதிர்பார்த்தாளோ என்னவோ. அவன் மெதுவாகத் திரும்பினான். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான்.

"இங்க பாரு, உண்மையைச் சொல்லு. பழசை மனசுல வச்சுக்கிட்டு எதாவது கலந்துட்டியா?"

நாற்சந்தியில் லாரி வந்தபோது கூட அவளுக்கு இப்படி இருக்கவில்லை. காதில் விழுந்தது சரிதானா என்று அவன் வாயையே பார்த்தாள். கூடப் படுத்து, கூடச் சாப்பிட்டு, காய்ச்சலில் அவள் கையால் கஞ்சி குடித்தவன். அந்தக் கேள்வி அவனுக்குள் எங்கே இருந்தது? எவ்வளவு நாளாக இருந்தது?  அவளுக்காகப் பதில் சொன்னவர் கண்ணாடிக்கடைக்காரர்தான். சார், உங்க அக்காவை உசிரோட கொண்டுவந்தது இவங்க, வார்த்தையைப் பார்த்துப் பேசுங்க என்றார். கணவன் தலையைக் குனிந்துகொண்டான். தைலம் போய் வரிசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. அழுகை வந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் நாத்தனார் கண் திறந்து, முதலில் தைலத்தைத்தான் கேட்டார். வீக்கம் பாதி வடிந்திருந்தது. தம்பியை வெளியே இருக்கச் சொன்னார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் தைலம், மன்னிச்சுடுங்க அண்ணி என்று தொடங்கினாள். நாத்தனார் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நீ கேட்டே. நான்தான் இல்லைன்னு சொன்னேன்."

தைலத்துக்குப் புரியவில்லை. கரகரத்த குரலில், நடு நடுவே நிறுத்தி, நாத்தனார் விஷயத்தைச் சொன்னார். அன்றைக்குக் கொடுத்த களிம்பை அவர் ஆசையாகத்தான் பூசிக்கொண்டார். கன்னம், கழுத்தெல்லாம் தடித்து, தூங்கவிடாமல் அரித்தது. தம்பி பெண்டாட்டி கஷ்டப்பட்டுச் செய்ததைப் போய் ஆகவில்லை என்று எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு, கற்றுக்கொள்ள வந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டார். சண்டை வந்தபோது சொல்லியிருக்கலாம். அப்போது சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும் என்று வீம்பில் சொல்லவில்லை. இன்றைக்குக் கோப்பையைக் கையில் வாங்கும்போதும் ஞாபகம் வந்தது. குடிக்காவிட்டால் மறுபடி ஆரம்பிக்கும், கொஞ்சம் அரித்தால் அரிக்கட்டும் என்று குடித்துவிட்டார்.

"உனக்குச் சங்கடமா இருக்கும்னுதான்."

"நீங்க செத்துப்போயிருந்தா எனக்குச் சங்கடமா இருந்திருக்காதா அண்ணி?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று தைலத்துக்கு உறைத்தது. நாத்தனார் அந்த வீங்கிய உதட்டால் சிரிக்கப் பார்த்தார். பிறகு இருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் மனம் நோகக்கூடாது என்று ஒருவர் விட்டுக்கொடுத்த இடத்தில்தான் சாவு வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது அந்தக் கட்டிலோரத்தில் இருவருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது. தைலமும் முழங்கையில் தடவிப் பார்க்காமல் விட்டதைச் சொன்னாள். ஏன் விட்டாய் என்று நாத்தனார் கேட்கவில்லை. அவருக்குக் காரணம் தெரிந்தது.

வெளியே தம்பி கேட்டது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அந்தக் கதவு அவ்வளவு கனமில்லை. அவனை உள்ளே கூப்பிட்டு, நடந்ததை அவர் வாயாலேயே சொல்லிவிட்டு, அவளிடம் நீயே பேசிக்கொள், நான் நடுவில் வரமாட்டேன் என்றார்.

கடை பல நாள் பூட்டிக் கிடந்தது. திறந்தபோது சுவரிலிருந்த கெடுதல் இல்லை என்ற வாசகம் போய்விட்டது. தேநீர்க் கோப்பைகளைத் தைலம் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். யாராக இருந்தாலும், எவ்வளவு அவசரமாக வந்தாலும், முதல் நாள் முழங்கையில் ஒரு துளி, மறுநாள்தான் மற்றது. முன்னால் தடித்த அனுபவம் உள்ளவர்களை டாக்டரிடம் போய் வரச்சொல்லித் திருப்பி அனுப்பினாள். பூவுக்குப் போய் இவ்வளவு பயமா என்று சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள், போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். நாத்தனார் ஒவ்வாமை டாக்டரைப் பார்த்து, அவசர ஊசியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடி வேலைக்குப் போனார். கடைப் படி ஏறுவதில்லை. தைலத்தைக் கீழே கூப்பிட்டு நின்றபடி பேசுவார். அவரைப் பார்க்கப் போகும் முன் அவள் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, மேலங்கியை மாற்றிக்கொள்வாள்.

வீட்டில்தான் சீக்கிரம் சரியாகவில்லை. கணவன் பல முறை மன்னிப்புக் கேட்டான். பயத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது தைலம் கையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"வாய் தவறலாம். ஆனா அப்படி ஒண்ணை நெனைக்க, மனசு எப்படித் தவறும்?"

அவன் வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். தெரியலை என்று சொன்னான். எனக்கே பயமா இருக்கு, அந்த நேரத்துல என் அக்கா முகத்தைப் பார்த்ததும் எனக்கு யார் மேலயாவது கோபப்படணும்போல இருந்தது, நீதான் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தே என்றான். இத்தனை நாளில் அவன் சொன்ன சமாதானங்களில் அது ஒன்றுதான் அவளுக்குப் பொய்யாகப் படவில்லை. அதற்காக மனம் ஆறிவிட்டது என்றும் இல்லை. அவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள். அவன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். இருவருமாக அதை மடித்தார்கள்.